நியூரோசேர்ஜன் ஆக எந்தப் பாதை? வன்னிப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

உயர்தரப் பெறுபேறு வருகிற காலத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரு பேச்சு வீட்டுக்கு வீடு சுற்றும். பிள்ளைக்கு மெடிசின் கிடைக்காவிட்டால் ரஷ்யாவா, பங்களாதேஷா, இல்லை இன்னொரு முறை சோதனை எடுக்க விடுவதா? இப்போது அதனோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "வெறும் டொக்டர் இல்லை, நியூரோசேர்ஜன் ஆகோணும் எண்டு நிக்கிறாள். எந்தப் பக்கம் அனுப்பினால் சரிவரும், டொக்டர்?" என்கிறார்கள். வன்னி வைத்தியசாலை ஒன்றில் மருத்துவ அதிகாரியாக இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். வாட்டு வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று தேடி அலையத் தேவையில்லை. 2009 யுத்தத்தில் தலைக்குள் போன செல் துண்டோடு இன்றைக்கும் வாழ்கிறவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு வலிப்பு வரும். உள்ளே இரும்பு இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுப்பதும் சிக்கல். காந்தம் துண்டை அசைத்துவிடக்கூடும் என்று சி.ரி. ஸ்கானோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்படி ஒரு சித்தப்பாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை மூளைச் சத்திரசிகிச்சை நிபுணராக நினைப்பதில் அதிசயம் இல்லை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியூரோவா இல்லையா என்பதை 19 வயதில் தீர்மானிக்க முடியாது. அந்த வயதில் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: எம்.பி.பி.எஸ். பட்டத்தைக் குடும்பம் கடனில் மூழ்காமல் எங்கே பெறலாம்? நிபுணர் பயிற்சியை இங்கே பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் (பி.ஜி.ஐ.எம்.) எடுப்பதா, இங்கிலாந்திலா, இந்தியாவிலா என்பது ஏழெட்டு வருடம் கழித்து வரும் கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் தேவையில்லாமல் காணிகள் விலைப்படுகின்றன.

எவ்வளவு காலம் எடுக்கும்

மருத்துவபீடம் 5 வருடம். அதற்கு முன்னால் உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைக்கும்வரை ஒரு காத்திருப்பு, இறுதிச் சோதனை முடிந்து உள்ளகப் பயிற்சிக்குப் பெயர் வரும்வரை இன்னொரு காத்திருப்பு. பிறகு 12 மாதம் ஹவுஸ் ஒபிசர். இரண்டு துறைகளில் ஆறு ஆறு மாதம். அதன்பின் சில காலம் நியமனம் கிடைத்த இடத்தில் வேலை. பட்டப்பின் படிப்புக்கான சோதனை எழுதுவது அதற்கும் பிறகுதான்.

நம்முடைய நாட்டில் அந்தப் படிப்பை நடத்துவது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1980இல் தொடங்கிய பட்டப்பின் மருத்துவ நிறுவகம். பி.ஜி.ஐ.எம். என்றால்தான் யாருக்கும் விளங்கும். வழமையான பாதையில் பிள்ளை முதலில் பொதுச் சத்திரசிகிச்சையில் எம்.டி. என்ற பட்டப்பின் பட்டம் செய்ய வேண்டும். முதற்பகுதிச் சோதனை, ரெஜிஸ்ட்ராராக, அதாவது நிபுணரின் கீழ் பழகும் வைத்தியராகப் பல வருடப் பயிற்சி, இரண்டாம் பகுதிச் சோதனை. அதில் தேறிய பிறகே நியூரோவுக்குத் திரும்பலாம். சீனியர் ரெஜிஸ்ட்ராராக இங்கே பயிற்சி, பிறகு வெளிநாட்டில் பயிற்சி, கடைசியில் நிபுணர் என்று பி.ஜி.ஐ.எம். தரும் சபைச் சான்று. எல்லாம் தடங்கல் இல்லாமல் போனாலும் வயது 35ஐத் தாண்டிவிடும். நடுவில் கல்யாணம், பிள்ளை, சோதனையில் ஒரு தடவை சறுக்கல் என்று வந்தால் நாற்பதை எட்டிப் பார்க்கும்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதைவிடப் பெரிதாகக் குறையாது. இங்கிலாந்தில் நியூரோப் பயிற்சி மட்டும் 8 வருடம், அமெரிக்காவில் 7. ஆகவே கால அளவை வைத்துப் பாதை தெரிவு செய்ய நினைப்பவர்கள் அந்தக் கணக்கை விட்டுவிடலாம். வேறுபடுவது காசு, நிச்சயம், திரும்பி வரும் வாய்ப்பு மூன்றும்தான்.

மூன்றாம் முறையா, வயல் காணியா

இந்த இடத்தில்தான் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரிகிறது. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்த 16க்குள் அடக்கம். கொழும்புப் பிள்ளைக்கு இல்லாத ஒரு கதவு இது. இடங்கள் மிகக் குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் அனுமதிக்குக் கணக்கெடுக்கும் இசட் புள்ளி கொஞ்சம் தவறிய பிள்ளைக்கு அடுத்த முறை அதே மாவட்டத்தில் எட்டிப் பிடிப்பது நடக்காத காரியம் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பெற்றோர் கவனிப்பதில்லை. எந்த மாவட்டம் என்பது அடையாள அட்டையில் உள்ள முகவரியால் தீர்மானிக்கப்படுவதில்லை. பிள்ளை எங்கே படித்தது என்பதுதான் கணக்கு. நல்ல ரியூசன் கிடைக்கும் என்று யாழ்ப்பாணப் பாடசாலைக்கு மாற்றுகிறவர்கள், மாற்றுவதற்கு முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் அந்தப் பக்கத்தை ஒருதரம் வாசியுங்கள். ரியூசனால் கூடுகிற புள்ளியைவிட மாவட்டம் மாறுவதால் இழப்பது கூடுதலாக இருக்கலாம்.

உயர்தரத்தை மூன்று முறை எழுதலாம். இரண்டாம் முறையும் தவறியதும் "இனி ஏன் பிள்ளையின் காலத்தை வீணாக்குவான்" என்று ஏஜென்டிடம் போகிறார்கள். ஒரு வருடத்தின் விலை என்ன என்று நிதானமாகப் பாருங்கள். அரச மருத்துவபீடத்தில் கற்பித்தலுக்குக் கட்டணம் கிடையாது. வசதி குறைந்த பிள்ளைக்கு மகாபொல புலமைப்பரிசில் அல்லது நிதியுதவி கிடைக்கும். சாப்பாடும் தங்குமிடமும் புத்தகமும்தான் செலவு. வெளிநாட்டில் ஐந்தாறு வருடக் கட்டணத்தை டொலரில் கட்ட வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த நேரம் வெளிநாட்டில் இரண்டாம் வருடத்தில் பிள்ளை படித்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு மிச்சக் கட்டணம் ஒரே மூச்சில் முக்கால் மடங்கு கூடியது. அதே வருடம் பெப்ரவரியில் உக்ரைனில் யுத்தம் தொடங்கி அங்கே படித்த வெளிநாட்டு மாணவர்கள் பையோடு எல்லை கடந்தார்கள். யுத்தத்தைப் பற்றி வன்னிக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டுப் பட்டம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அங்கே படித்து வந்து எங்கள் வைத்தியசாலைகளில் அருமையாக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டத்தோடு வந்தால் இலங்கை மருத்துவ சபையின் ஈ.ஆர்.பி.எம். சோதனையில் தேற வேண்டும். முந்தி ஆக்ட் 16 என்று சொன்னது இதைத்தான். அதில் தேறினால்தான் உள்ளகப் பயிற்சி. அந்தச் சோதனையில் ஓரிரு தடவை தவறினாலே, இங்கே மூன்றாம் முறை எழுதுவதற்கு 'வீணாக' இருந்த ஒரு வருடம் காணாமல் போய்விடும். பல்கலைக்கழகம் மருத்துவ சபையின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா, பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு சபை கேட்கும் குறைந்தபட்சத் தகைமைக்கு வருகிறதா, இரண்டையும் சபையிடமே நேரில் கேளுங்கள். ஏஜென்டின் சிரிப்பு அத்தாட்சி ஆகாது.

இரணைமடுக்குக் கீழே இரண்டு போகம் விளையும் வயலை விற்று அனுப்பலாமா என்று கேட்டால் என் பதில்: மூன்று முறையும் முடியும்வரை வேண்டாம். அதன்பிறகும் பிள்ளைக்கு மருத்துவம்தான் என்றால், காசு முழுவதும் போனாலும் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலை இருந்தால் மட்டும் அனுப்புங்கள். லண்டனில் உள்ள மாமா கட்டுவார் என்றால் மாமாவிடம் ஆறு வருடத்துக்கும் கட்டுவாரா என்று கேளுங்கள். முதல் வருடக் கட்டணத்தை எல்லோரும் சந்தோஷமாகத்தான் கட்டுவார்கள்.

எம்.பி.பி.எஸ். முடிந்த பிறகு

இப்போதுதான் நியூரோ என்ற கேள்வி உண்மையில் வருகிறது. பிள்ளை ஹவுஸ் ஒபிசராகச் சத்திரசிகிச்சை வாட்டில் ஆறு மாதம் நின்றிருப்பாள். தியேட்டரில் மணிக்கணக்காக நின்றிருப்பாள். சிலருக்கு அப்போதே இது நமக்குச் சரிவராது என்று தெரிந்துவிடும். சிலருக்கு அங்கேதான் பைத்தியம் பிடிக்கும்.

அந்தப் பைத்தியம் எப்படிப் பிடிக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். கிணற்றடியில் வழுக்கி விழுந்த 70 வயது ஐயா. அன்றைக்கு ஒன்றும் இல்லை. மூன்று நாலு கிழமை கழித்துத் தலையிடி, ஒரு கால் இழுபடுகிறது, பேச்சு தடுமாறுகிறது. பாரிசவாதம் என்று நினைத்துக் கொண்டுவருவார்கள். சி.ரி. எடுத்தால் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் பழைய இரத்தம் தேங்கி மூளையை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். நியூரோவில் சிறிய துளை ஒன்று போட்டதும் பழைய என்ஜின் ஒயில் போலக் கறுத்த திரவம் வடியும். பலரும் ஓரிரு நாளில் எழும்பி உட்கார்ந்து தேத்தண்ணி கேட்பார்கள். இதை ஒருதரம் பார்த்த இளம் வைத்தியர் மறக்கமாட்டார். எல்லாக் கேசும் இப்படி முடியாது என்பதையும் அதே மாதத்தில் பார்ப்பார்.

வன்னியிலிருந்து ஒரு தலைக்காயத்தை அனுப்பும்போது நாங்கள் நியூரோ ரெஜிஸ்ட்ராருக்கு அழைப்பெடுப்போம். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்து என்று வையுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து வரும் முதற்கேள்வி, நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளக்கும் ஜி.சி.எஸ். புள்ளி எவ்வளவு என்பது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. எட்டோ அதற்குக் கீழோ என்றால் மூச்சுக்குழாய் போட்டுத்தான் அம்புலன்சில் ஏற்ற வேண்டும். அடுத்தது கண்மணி இரண்டும் ஒரே அளவா என்பது. பிறகு சி.ரி. படம். பிறகு இரத்தத்தை இளக்கும் மருந்து எடுக்கிறவரா என்பது. பிள்ளை அடையப் போகும் வேலையில் பாதி இந்தத் தொலைபேசியில் நடக்கிறது. யாரை இரவோடிரவாக எடுப்பது, யாரை அங்கேயே வைத்துப் பார்ப்பது, யாருக்கு எதுவும் பலனில்லை என்று சொல்வது எல்லாம் அதற்குள் வரும். கத்தி பிடிப்பதைவிடக் கஷ்டமானது இதுதான் என்று எனக்குத் தெரிந்த நிபுணர்கள் சொல்வார்கள்.

சரி, பாதைகளுக்கு வருவோம்.

பி.ஜி.ஐ.எம். பாதையின் முதற்பலம், படிக்கும் காலம் முழுவதும் அரச சம்பளம் வரும். இரண்டாவது பலத்தைப் பலர் யோசிப்பதில்லை. அங்கே முதலில் முழுமையான பொதுச் சத்திரசிகிச்சைப் பயிற்சி கிடைக்கிறது. நியூரோ இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அது கிடைக்காவிட்டாலும் பிள்ளை நடுத்தெருவில் நிற்கமாட்டாள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளுக்கு அவசியம் தேவைப்படுகிற பொதுச் சத்திரசிகிச்சை நிபுணர் ஆகலாம். பலவீனமும் உண்டு. வெளிநாட்டுப் பயிற்சிக்கு இடம் தேடுவது பெரும்பாலும் பயிற்சி பெறுபவரின் தலையில் விழுகிறது. போவதற்கு முன் பிணைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் வேலை செய்ய வேண்டும். நான் இதைக் குறை என்று எண்ணவில்லை. ஆனால் அப்பா அம்மா பிணை நிற்கும்போது என்னவென்று தெரிந்து நிற்க வேண்டும்.

இங்கிலாந்துப் பாதை வேறு மாதிரி. ஆங்கிலத் தேர்வு, வெளிநாட்டில் படித்த வைத்தியர்களுக்கான பிளாப் சோதனைகள், அங்கத்தைய மருத்துவ சபையில் பதிவு, பிறகு ஏதோ ஒரு வைத்தியசாலையில் பயிற்சியில்லாத பதவி. நியூரோவுக்கு நாடு முழுவதற்கும் ஒரே தெரிவு நடக்கும், போட்டி கடும் போட்டி. உள்ளே போனால் எஸ்.ரி.1 முதல் எஸ்.ரி.8 வரையான எட்டுப் பயிற்சி வருடமும் முதல் நாளிலிருந்தே நியூரோதான். கடைசிக் கட்டத்தில் எப்.ஆர்.சி.எஸ். என்ற நிபுணர் சோதனை. இதில் ஒரு விசித்திரம் உண்டு. அனுபவம் கூடினால் நல்லது என்று இங்கே நியூரோ வாட்டில் வருடக்கணக்காக இருந்துவிட்டுப் போனால், முதற்படிக்கு அனுபவம் மிஞ்சிவிட்டது என்று தள்ளிவிடுவார்கள். அதற்கு ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். போவதென்று தீர்மானித்தால் சீக்கிரம் போக வேண்டும். இழுத்தடித்து இரண்டு தோணியிலும் கால் வைக்கிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். அங்கே போகிறவரில் பெரும்பகுதியினர் நியூரோ நினைவோடு போய் வேறு துறையில் நிலைக்கிறார்கள் என்பதையும் மாமாமார் சொல்லமாட்டார்கள்.

கனடாவில் சித்தி இருக்கிறா என்ற கதையைச் சுருக்கமாக முடிக்கிறேன். நிரந்தர வதிவிடமோ குடியுரிமையோ இல்லாமல் அங்கத்தைய பயிற்சி இடங்களுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அமெரிக்காவைப் பற்றிக் கேட்கும் பிள்ளைகள் அல்பிரெடோ கின்யோனெஸ் இனோஹோசாவின் பெயரைச் சொல்வார்கள். மெக்சிகோவிலிருந்து 19 வயதில் போய்க் கலிபோர்னியாத் தோட்டங்களில் கூலி வேலை செய்து, பேர்க்லியில் படித்து, 1999இல் ஹாவர்ட் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று நியூரோசேர்ஜன் ஆனவர். உண்மைக் கதைதான், வயலில் நின்ற பிள்ளைக்கு உற்சாகம் தரும். ஆனால் அவர் மருத்துவம் படித்ததே அமெரிக்காவில். இங்கிருந்து எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டுப் போகிறவரின் வரிசை வேறு, அது மிக நீளம்.

இந்தியா எங்கள் பிள்ளைகளுக்கு மொழியால் பக்கம், பலாலியிலிருந்து விமானத்திலும் பக்கம். அங்கே பொதுச் சத்திரசிகிச்சையில் எம்.எஸ். 3 வருடம், பிறகு நியூரோவில் எம்.சிஎச். 3 வருடம். சில நிறுவனங்களில் எம்.பி.பி.எஸ்.க்குப் பிறகு நேராக 6 வருடம். பெரிய அரச மருத்துவமனைகளில் கேஸ் குவியும், கை பழகும். 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும் 1950இல் சென்னை அரச பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் தொடங்கிய மரபு அது. இருவருமே வெளிநாட்டில் பழகிவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள். சாண்டி கனடாவின் மொன்றியலில் பெயர்பெற்ற நியூரோசேர்ஜன் பென்பீல்டிடம் பழகினார், ராமமூர்த்தி இங்கிலாந்தில். வெளிநாட்டவருக்கு அங்கே இடங்கள் குறைவு, கட்டணமும் வேறு. அதைவிட முக்கியம், இலங்கை அரச சேவையில் நிபுணர் பதவிக்கு பி.ஜி.ஐ.எம். சபைச் சான்றுதான் திறவுகோல். எம்.சிஎச். பட்டத்தோடு வந்தால் அந்தக் கதவை இன்னொருதரம் தட்ட வேண்டிவரும். ஆகவே முழுப் படிப்புக்கும் இந்தியாவை நான் சொல்லமாட்டேன். குறுகிய காலப் பயிற்சிக்கு, குறிப்பிட்ட ஒரு நுட்பத்தைப் பழகுவதற்கு, அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை.

இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லென்றால், வடக்கில் வேலை செய்ய நினைக்கும் பிள்ளைக்கு பி.ஜி.ஐ.எம்.மைத்தான் சொல்வேன். யோசிக்கவே மாட்டேன். அங்கேயே குடியேறப் போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்த பிள்ளைக்கு இங்கிலாந்து சரி. ஆனால் அதை வீட்டில் முதலே சொல்லிவிட வேண்டும்.

ஊரில் வேலை செய்ய முடியுமா

"படிச்சுப்போட்டு முல்லைத்தீவுக்கே வந்து ஒப்பரேசன் செய்வன்" என்று பிள்ளைகள் சொல்லும்போது கேட்க நன்றாக இருக்கும். நடைமுறை அப்படி இல்லை. மூளைச் சத்திரசிகிச்சைக்கு நுணுக்குக்காட்டி வேண்டும், அதிவேகத் துளைகருவி வேண்டும், அதற்கென்று பழகிய மயக்கமருந்து வைத்தியரும் தாதியரும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தீவிர சிகிச்சைக் கட்டில் வேண்டும். இவை ஒரு நிபுணரோடு பையில் வருவதில்லை. வடமாகாணத்தில் போதனா வைத்தியசாலை என்றால் யாழ்ப்பாணம் ஒன்றுதான். பிள்ளை அங்கேயோ அனுராதபுரத்திலோ கொழும்பிலோதான் இருக்கப் போகிறாள். புதிய நிபுணருக்கு விரும்பிய இடம் முதல் வருடமே கிடைக்காது. இடமாற்றப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது.

பெண்பிள்ளைக்கு இந்த வேலை ஏற்குமா என்றும் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். 1932இல் பிறந்த டி.எஸ். கனகா சென்னையில் படித்து 1968இல் நியூரோவில் எம்.சிஎச். முடித்தார். ஆசியாவின் முதல் பெண் நியூரோசேர்ஜன்களில் ஒருவர். அன்றைக்கே நடந்த விஷயத்தை இன்றைக்கு நாங்கள் கேள்வியாகக் கேட்பது கொஞ்சம் வெட்கம்தான். இரவு வேலையும் நீண்ட நேரம் நிற்பதும் ஆணுக்கும் அதேயளவு கஷ்டம்.

மருத்துவபீடம் கடைசிவரை கிடைக்காத பிள்ளைக்கு ஒரு வார்த்தை. தலைக்காயமும் முள்ளந்தண்டுக் காயமும் ஒப்பரேசனோடு முடிவதில்லை. பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர், செல் பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர், இவர்களுக்கு வருடக்கணக்காக வேண்டியது இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). பேராதனையில் அதற்கும் கதிர்ப்படத் துறைக்கும் பட்டப்படிப்பு உண்டு, உயிரியல் பிரிவிலிருந்தே விண்ணப்பிக்கலாம். அதில் இருந்து நியூரோசேர்ஜன் ஆக முடியாது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் இயன்மருத்துவப் பட்டத்தோடு வருகிற பிள்ளை நேராக முல்லைத்தீவிலேயே வேலை செய்யலாம், அதற்கு நுணுக்குக்காட்டி வேண்டாம்.

பெறுபேறு வந்த கிழமையில் எந்த ஏஜென்டுக்கும் முற்பணம் கட்டாதீர்கள். மீள்பரிசீலனைக்கும் அடுத்த முறைச் சோதனைக்கும் விண்ணப்ப முடிவு திகதிகள் அந்த நாட்களிலேயே வந்து போய்விடும். முதலில் அவற்றைப் பாருங்கள்.